கேட் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன், டாக்டர்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 37. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் இவரும், நான்காம் வகுப்புப் படிக்கும் மகளும், மாமியாரும்.

கணவர் விடுமுறைக்கு வரும்போது அவரோடு ஒயின் குடித்ததில் ஆரம்பித்திருக்கிறது. கொரோனா ஊரடங்கில் அது தனியாகக் குடிப்பதாக மாறி, இப்போது தினமும் ஒரு குவார்ட்டர் பிராந்தி. மகள் தூங்கியபின் ஒன்பதரை மணிக்கு மேல் குடிக்கிறார். டாஸ்மாக் வாசலில் போய் நிற்க முடியாததால் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் வாங்கித் தருகிறார். அவர் கேட்கும் தொகை மாதாமாதம் ஏறுகிறது. கொடுக்க மறுத்தால் மாமியார் காதில் போட்டுவிடுவாரோ என்று பயம். காலையில் கை நடுங்குகிறது. பொங்கல் விடுமுறையில் ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தபோது வியர்த்துக் கொட்டி, இரண்டு இரவு தூக்கமே இல்லாமல், சுவரில் பூச்சி ஊர்வதுபோல் தெரிந்திருக்கிறது. மூன்றாம் நாள் மறுபடி குடித்ததும் எல்லாம் அடங்கிவிட்டது.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய அக்கா. அக்கா சொன்னதன்பேரில் குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும், ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடக்கும் இடத்தை விசாரித்துப் போயிருக்கிறார். ஒரு தேவாலய வளாகத்துக்குள் பள்ளி அறை. வெளியே வரிசையாக பைக்குகள், நின்று பேசிக்கொண்டிருந்த எல்லோரும் ஆண்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் தன்மையாக, “குடும்பத்தாருக்கான கூட்டம் சனிக்கிழமைம்மா, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க” என்றிருக்கிறார். இவர் தலையாட்டிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

“பெண்கள் அங்கே போகலாமா? போனால் விஷயம் வெளியே வராதா? நாளைக்கு என் மகளை என்னிடமிருந்து பிரித்துவிட்டால்? மூன்று மாதம் நானாகவே நிறுத்திவிட்டு, கொஞ்சம் மரியாதையோடு போகலாம் என்று நினைக்கிறேன். அம்மா குலதெய்வம் கோயிலில் கயிறு கட்டிக்கொள் என்கிறார், ஆனால் எனக்கு என்ன பிரச்சினை என்று அவருக்குத் தெரியாது. அக்கா ஏதோ பொடி வரவழைத்துத் தருகிறேன் என்கிறாள். இதில் எதைச் செய்ய?” இவைதான் அவர் கேள்விகள்.

அன்புள்ள தோழி,

அந்தப் பெரியவர் உங்களை அவமதிக்க நினைத்திருக்க மாட்டார். அந்த வாசலுக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் கணவருக்காகவோ மகனுக்காகவோ வருபவர்கள். அவர் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்திருக்கிறது. ஆனால் பிரச்சினை தனக்குத்தான் என்று சொல்ல முடியாமல் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வாக்கியம் கதவை மூடிவிடுகிறது. உங்களுக்கு நடந்தது வேறு பெண்களுக்கும் நடக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் திட்டத்தைப் பற்றி. மூன்று மாதம் நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம் என்கிறீர்கள். வேண்டாம். ஏஏ-வில் சேர ஒரே ஒரு நிபந்தனைதான், குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்பதில்லை. நேற்றிரவு குடித்தவரும் இன்று மாலை போய் உட்காரலாம். உங்களுக்கு அந்த அறை மிகவும் தேவைப்படப்போவது நீங்கள் தள்ளிப்போட நினைக்கும் இந்த முதல் மூன்று மாதங்களில்தான்.

கூட்டத்துக்கும் முன்னால் மருத்துவமனை

பொங்கலின்போது நடந்ததை நீங்கள் இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் கவலை தந்த இடம் அதுதான். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் மது திடீரென்று நின்றால், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, நேரம் இடம் தெரியாமல் போவது என முற்றும். அந்த நிலை உயிருக்கே ஆபத்து. சுவரில் பூச்சி ஊர்வதுபோல் தெரிந்தது மனப்பலவீனமோ தண்டனையோ அல்ல, நரம்பு மண்டலம் கொடுத்த எச்சரிக்கை. ஒருமுறை அப்படி வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே, இனி வீட்டில் தனியாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் சில நாள் மாத்திரையும், தையமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து நிறுத்தினால் இதையெல்லாம் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

“ஒரு குவார்ட்டர்தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராம் ஓர் அளவு என்று மருத்துவத்தில் கணக்கிடுகிறோம், அப்படியென்றால் தினமும் ஆறு அளவு. பெண் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு மது ரத்தத்தில் கூடுதல் செறிவாக நிற்கும், கல்லீரலும் ஆண்களைவிடச் சீக்கிரம் பாதிக்கப்படும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கல்லீரல் பரிசோதனை ஒன்றை இப்போதே செய்துகொள்ளுங்கள். இந்த வயதில் நிறுத்தினால் கல்லீரல் பெருமளவு தன்னைச் சரிசெய்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டாலே போதும். நேரில் போகும் தைரியம் வரும்வரை 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14446. எங்காவது தங்கிச் சிகிச்சை எடுக்கச் சொன்னால், அந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, பெண்களுக்குத் தனி வார்டும் பெண் பணியாளர்களும் உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பதிவில்லாத மையம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பொடியும் கயிறும்

அக்காவின் அன்பு புரிகிறது, ஆனால் பொடி வேண்டவே வேண்டாம். இப்படி விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. மதுவைக் குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்கிற டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்டு. முறையான பரிசோதனைக்குப் பின், நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டியது அது. அதன் மேல் மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும், சிலருக்கு உயிரே போகும். குடிக்கும் ஆசையைக் குறைக்க வேறு மருந்துகளும் இருக்கின்றன. உங்கள் கல்லீரலைப் பார்த்துவிட்டு எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார்.

கயிறு விஷயத்தில் அம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை. தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு பலரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் கார்த்திகையில் மாலை போட்ட அன்றே குடியை அறவே விட்டு, மூன்றாம் நாள் வலிப்போடு தூக்கி வரப்படுகிறவர்களை எங்கள் துறையில் எல்லா மருத்துவர்களும் பார்த்திருக்கிறோம். கட்டிக்கொள்ள விரும்பினால் கட்டிக்கொள்ளுங்கள், மருந்து தொடங்கிய பிறகு.

அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது

ஏஏ 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த இரண்டு ஆண்கள் ஒருவரோடொருவர் பேசியதில் பிறந்தது. ஒரு பங்குத் தரகர், ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். நான்கே ஆண்டுகளில், 1939-ல், மார்ட்டி மான் என்ற பெண் அதில் சேர்ந்தார். பெண்களுக்கு இந்த நோய் வரும் என்று ஒப்புக்கொள்ளவே ஊர் தயங்கிய காலம். பிற்பாடு அவர் குடிநோய் ஒரு நோய்தான் என்று பொதுமேடைகளில் பேச 1944-ல் தனி அமைப்பே தொடங்கினார். ஆகவே “பெண்கள் போகலாமா” என்ற கேள்விக்கு அந்த இயக்கத்தின் ஆரம்ப நாட்களிலேயே பதில் கிடைத்துவிட்டது. நம் ஊர்க் கூட்டங்களில் பெண்கள் குறைவு என்பது உண்மை. அதற்காகப் பெண்களுக்கு இடமில்லை என்று ஆகாது.

மருத்துவர்களும் குடும்பத்தினரும் வந்து அமர அனுமதியுள்ள திறந்த கூட்டங்கள் உண்டு. அவற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூட பெஞ்சுகள், ஏஏ-வின் வழிமுறையான பன்னிரண்டு படிகளை எழுதிச் சுவரில் மாட்டிய பேனர், ஒரு ஃபிளாஸ்க் டீ. ஒருவர் எழுந்து தன் பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்பார். அறை முழுக்க வணக்கம் சொல்லும். அவர் தன் கதையைச் சொல்லும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். முடித்ததும் அடுத்தவர். உங்கள் முறை வந்தால் “இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்றால் போதும். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் வேறு பெயர் சொல்லுங்கள், யாரும் ஆதார் கேட்கப் போவதில்லை. கட்டணம் கிடையாது. நடுவே ஒரு பை சுற்றிவரும், வாடகைக்கும் டீக்கும். புதியவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. முடிவில் கைகோத்து நின்று பிரார்த்தனை சொல்லும் வழக்கம் சில குழுக்களில் உண்டு. அது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் கைகூப்பி நில்லுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேவாலய வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மாமியார் கேட்கக்கூடும். ஏஏ எந்த மதத்தையும் சாராது, அவர்கள் அங்கே அறையைத்தான் எடுத்திருக்கிறார்கள். படிகளில் கடவுள் என்ற சொல் வரும், அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் என்ற விளக்கத்தோடு. அந்தப் பேச்சே ஒத்துவராதவர்களும் கூட்டங்களில் இருக்கிறார்கள். மனம் ஒட்டவில்லை என்றால், மருத்துவமனைகள் நடத்தும் குழு சிகிச்சையில் சேரலாம்.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்றால், உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. முழுமையாகக் குடிக்காமல் தொடர்வதில், ஏஏ-வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடச் சற்று மேலாகவே இருந்தது. பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகள்தான். ஆனாலும் என் நோயாளிகளிடம் நான் காண்பதோடு இது ஒத்துப்போகிறது. நான் மருந்து எழுதித் தரலாம், ரத்தப் பரிசோதனை பார்க்கலாம். இரவு ஒன்பதரை மணிக்கு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்னால் உங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. அதே மணிக்கு அதே மாதிரி நின்ற இன்னொரு பெண்ணின் எண் உங்கள் போனில் இருந்தால், நீங்கள் அவரை அழைக்கலாம்.

ஒரு பெண்ணாக எப்படிப் போவது

அந்த கேட்டுக்கு மறுபடி நேரே போகாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள். ஏஏ-வின் இந்தியப் பொதுச்சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் தொடர்பு விவரங்கள் கிடைக்கும். எடுப்பவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: “எனக்காகத்தான் கேட்கிறேன். என்னோடு பேச ஒரு பெண் உறுப்பினர் இருக்கிறாரா?” பிறகு, பெண்கள் வரும் கூட்டம் எது, திறந்த கூட்டம் என்றைக்கு, தமிழில் நடக்குமா, எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள். திறந்த கூட்டம் என்றால் அக்காவையும் கூட்டிக்கொண்டு போகலாம். முதல் நாள் அக்கா பக்கத்தில் இருப்பதுதான் நல்லது.

அதற்கும் முன்பாக, பெண்களுக்கு மட்டுமான ஆன்லைன் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்ளுங்கள். ஊரடங்குக்குப் பிறகு இவை நிறையவே நடக்கின்றன. உங்களுக்கு ஆபத்தான அந்த ஒன்பதரை மணிக்குக்கூட உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் ஒன்று நடந்துகொண்டிருக்கும். வெளிநாட்டுக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், அங்கே உங்களைத் தெரிந்தவர் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது ஒரு வசதி. ஜூமில் நுழையும் முன் திரையில் தெரியும் பெயரை மாற்றுங்கள், கேமராவை அணையுங்கள், ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் உங்கள் எண்ணும் புகைப்படமும் எல்லோருக்கும் தெரியும். புகைப்படத்தை எடுத்துவிட்டுச் சேருங்கள், இல்லையேல் சேராதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர்கள் நிறைந்த அறைதான் அது, ஆனால் வருகிற எல்லோரையும் சோதித்து உள்ளே விடும் அறையில்லை. புதிதாக வந்த, மனம் உடைந்த நிலையில் இருக்கும் பெண்ணிடம் அளவுக்கு மீறிய அக்கறை காட்டும் ஆண் எங்கும் இருப்பான். போன் எண்ணைப் பெண்களிடம் மட்டும் கொடுங்கள். வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்பான்சர் என்று அழைக்கப்படும் வழிகாட்டி, பெண்ணுக்குப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களே வலியுறுத்தும் வழக்கம். உள்ளூரில் கிடைக்காவிட்டால் வேறு ஊரிலிருந்து போனில் கிடைக்கட்டும்.

யாராவது ஓர் உறுப்பினர் “மாத்திரையும் ஒரு போதைதான், அதை விடு” என்று சொல்லக்கூடும். அது அவருடைய சொந்தக் கருத்து. ஏஏ மருத்துவ ஆலோசனை தருவதில்லை. மாத்திரையை மருத்துவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

முதல் கூட்டத்தில், உங்களைவிட மோசமாக விழுந்தவர்களின் கதைகளையே கேட்க நேர்ந்து, “நான் இவர்கள் மாதிரி இல்லையே” என்று தோன்றலாம். பலருக்கும் தோன்றும். ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுபாவம் உண்டு. நாலைந்து கூட்டங்களாவது, முடிந்தால் வெவ்வேறு குழுக்களில், உட்கார்ந்து பாருங்கள். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். அதற்கு ‘ஸ்லிப்’ என்பார்கள், கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள்.

ரகசியம், மகள், ஆட்டோக்காரர்

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் நீங்கள் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் கீழ் மது சார்ந்த மனநலப் பாதிப்புகளும் வருகின்றன. அதன் 23-ம் பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் நிறுவனத்துக்கோ மாமியாருக்கோ மருத்துவமனை போன் செய்து சொல்லாது. ஏஏ அறையின் ரகசியமோ சட்டமல்ல, அவர்கள் கட்டிக்காக்கும் மரபு. பெரும்பாலும் காக்கப்படுகிறது. ஆனாலும் கணவரின் பெயர், நிறுவனத்தின் பெயர், மகளின் பள்ளி, வழக்குக்கு இழுக்கக்கூடிய சம்பவம் இவற்றை அங்கே சொல்லாதீர்கள். சொல்லாமலே உங்கள் கதையைப் பகிர முடியும்.

மகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் உங்களை இத்தனை நாள் சிகிச்சைக்கு வரவிடாமல் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் வழக்குரைஞர் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் ஒரு பெண் வழக்குரைஞரிடம் முழுவதையும் சொல்லிக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு: குழந்தை யாரிடம் இருப்பது என்பதில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலன். மனநலப் பாதிப்பு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கொள்ளக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 3-ம் பிரிவு சொல்கிறது. தொடர்ந்து சிகிச்சைக்கு வரும் தாயை விட, மறைத்துக் குடித்து ஒருநாள் வலிப்பு வந்து மகள் கண்ணெதிரே விழும் தாய்க்குத்தான் சங்கடம் அதிகம். ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்றும் எண்ண வேண்டாம். வாசனையும் பேச்சில் வரும் மாற்றமும் அவளுக்குத் தெரிந்திருக்கும். “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் போகிறேன், இதற்குக் காரணம் நீ இல்லை” என்று மட்டும் இப்போது சொல்லுங்கள்.

கணவரிடம் சொல்வதை நான் அவசரப்படுத்த மாட்டேன். அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உடம்பு கொஞ்சம் தேறி, நாலு கூட்டம் போய், பேச வார்த்தை கிடைத்த பிறகு சொல்லலாம். அக்காவுக்கு ஒரு வேலை கொடுங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கும் நெருங்கியவர்களுக்கும் அல்-அனான் என்று தனிக்கூட்டம் இருக்கிறது, ஏஏ-விலிருந்து வேறானது. பொடி தேடும் அக்கா அங்கே போய் உட்கார்ந்தால், எது உதவி, எது உதவியல்ல என்று பிடிபடும்.

ஆட்டோக்காரருக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம். வாட்ஸ்அப்பில் அவர் கேட்டவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். மிரட்டினால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். ஆனால் அவர் எண்ணை பிளாக் செய்வதை மருத்துவரைப் பார்த்த பிறகு செய்யுங்கள். அவர் வராத அன்றைக்கே குடி திடீரென்று நிற்கும். பொங்கலுக்கு நடந்தது மறுபடி நடக்கக் கூடாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரமே ஒரு நாள் காலை லீவு போட்டு, அக்காவோடு மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஓ.பி. காலையில்தான், எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். பூச்சி தெரிந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அதை வைத்துத்தான் வீட்டில் இருந்தபடியா, படுக்கையில் சேர்த்தா என்று முடிவு செய்வார். அன்று மாலையே ஏஏ எண்ணுக்குப் போன் செய்து ஒரு பெண் உறுப்பினரைக் கேளுங்கள். அதற்கிடையில் எப்போதாவது குடிக்காமல் சில மணி நேரம் கழிந்து உடம்பு உதறினாலோ, குழப்பமோ வலிப்போ வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள், தினமும் குடிக்கும் விவரத்தை அங்கே மறைக்காதீர்கள்.